புண் வருமுன் காலைப் பார்ப்போம்

கோயிலிலும் கலியாண வீட்டிலும் எம்மவரைச் சந்திக்கும்போது, "பிள்ளை என்ன வேலை செய்யிறீர்?" என்று கேட்பார்கள். "நேர்ஸ் பிராக்டிஷனர்" என்பேன். உடனே அடுத்த கேள்வி வரும். "அப்ப நீர் டொக்டரோ, நேர்ஸோ?" தாதிதான், ஆனால் நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதுவேன் என்று சொன்னால் சிலர் தலையாட்டுவார்கள். சிலர், "எப்ப டொக்டராவீர்?" என்று அன்போடு கேட்பார்கள்.

இந்தக் குழப்பம் எம்மவருக்கு மட்டும் உரியதல்ல. கலிபோர்னியாவில் 2020 இல் எமது தொழிலைப் பற்றிய புதிய சட்டம் எழுதப்பட்டபோது, முதன்முறை வரும் நோயாளியிடம் "நான் டொக்டர் அல்ல" என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லவேண்டும் என்றும் ஒரு விதி சேர்க்கப்பட்டது. ஸ்பானிய மொழி பேசுவோருக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்பதையும் அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். "சிறப்புப் பயிற்சி பெற்ற தாதி" என்பது அதன் கருத்து. தமிழுக்கு அப்படி ஒரு சொல்லை எவரும் எழுதித் தரவில்லை. ஆகவே இந்தப் பக்கத்தில் நானே சற்று விளக்கமாகச் சொல்லலாம் என்று எண்ணினேன். என் பட்டத்தைப் பற்றி நீங்கள் அறியவேண்டும் என்பதல்ல என் நோக்கம். எமது குடும்பங்களின் காலும் கண்ணும் சிறுநீரகமும் சம்பந்தப்பட்ட விடயம் இது.

வந்த வழி

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தவர்களில் நானும் ஒருத்தி. உயர்தரப் பரீட்சைக்குப் படித்த கொப்பிகள் வீட்டிலேயே கிடந்துவிட்டன. மூன்று ஆண்டுகளின் பின் இந்த நாட்டுக்கு வந்து, தஞ்சக் கோரிக்கை வழக்கு ஒருபுறம் நடக்க, வேலை செய்யும் அனுமதி கிடைத்ததும் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொருதடவை புரட்டிப் படுக்க வைப்பது, இவைதான் வேலை. பிறகு ஃப்ரீமான்ட் ஓலோனி கொலிஜில் தாதியர் படிப்பை முடித்து 2005 இல் பதிவுபெற்ற தாதியானேன். ஒரு வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை வார்ட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன்.

அந்த வார்ட்டில் நான் அதிகமாகக் கண்டது கால்களைத்தான். சீனி வருத்தத்தால் புண்பட்டு, விரல் எடுத்த கால், பாதி பாதம் எடுத்த கால், முழங்காலுக்குக் கீழே எடுத்த கால். மருந்து கட்டுவதில் என் கை நன்றாகப் பழகிவிட்டது. கட்டை அவிழ்க்கும்போது வரும் மணத்தை வைத்தே புண் எந்தப் பக்கம் போகிறது என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

ஒரு நாள் எம்மவர் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். வயது ஐம்பதைத் தொடவில்லை. இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை, பகலில் இன்னுமோர் இடத்தில் வேலை. இன்சூரன்ஸ் கிடையாது. ஊரில் இரண்டு தங்கைமாரின் பொறுப்பும் அவர் தலையில். சப்பாத்துக்குள் ஒரு சிறு கல் கிடந்திருக்கிறது. எட்டு மணி நேரம் அதன்மேல் நின்றும் அவருக்குத் தெரியவில்லை. காலில் உணர்ச்சி போய் நெடுநாளாகியிருந்தது. முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மூன்று கிழமைக்குள் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது. நான் மருந்து கட்டிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, இந்தச் சீனி வருத்தம் எனக்கு எப்ப வந்தது?"

அதற்கு ஒருவராலும் பதில் சொல்ல முடியாது. பத்து வருடமாகவும் இருக்கலாம். அந்தப் பத்து வருடத்தில் ஒருவரேனும் அவர் கையில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால், அவர் அன்று அந்தக் கட்டிலில் படுத்திருக்கமாட்டார். அவர் வைத்தியரிடம் போகாததற்குக் காரணங்கள் பல. காசில்லை, நேரமில்லை, கடிதம் வாசிக்க மொழியில்லை. வழக்கு முடியாதவர்கள் அரசாங்க உதவி எதையும் தொட்டால் வழக்குக் கெட்டுவிடும் என்று யாரோ சொல்லியும் இருந்தார்கள். அகதியாய் வந்த வீடுகளில் இந்தக் காரணங்களை அறியாதவர் எவருமில்லை.

மூன்று படிகள்

பொதுச் சுகாதாரப் படிப்பில் நோய்த் தடுப்பை மூன்று படிகளாகப் பிரித்துச் சொல்வார்கள். ஹியூ லெவெல், கேர்ணி கிளார்க் என்னும் இரு அமெரிக்க வைத்தியர்கள் 1950 களில் தங்கள் பாடநூலில் இதை விரிவாக எழுதினார்கள். இன்றும் தாதியர் கல்லூரிகளில் இதைப் படிப்பிக்கிறார்கள். அந்த மூன்று படிகளையும் அந்த அண்ணையின் காலை வைத்தே சொல்கிறேன்.

முதற்படி, நோய் வராமலே தடுப்பது. சாப்பாடு, நடை, நித்திரை, தடுப்பூசி, புகைக்காமலிருத்தல் எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது படி, நோய் உள்ளே வந்துவிட்டாலும் வெளியே தெரியுமுன் கண்டுபிடிப்பது. இரத்தத்தில் சீனி பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, பெண்களுக்கு மார்புப் படம் எடுப்பது இந்தப் படி. மூன்றாவது படி, நோய் முற்றியபின் மேலும் கெடாமல் காப்பது. புண்ணைக் கழுவிக் கட்டுவது, மற்றக் காலைக் காப்பாற்றுவது, பொய்க்காலில் நடக்கப் பழக்குவது.

நான் பன்னிரண்டு ஆண்டும் நின்றது மூன்றாவது படியில். அதுவும் தேவையான வேலைதான், அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. மற்றக் காலாவது தப்பவேண்டுமே. ஆனால் அந்தப் படிக்கு வருகிறவர் ஏற்கெனவே ஒன்றை இழந்துவிட்டுத்தான் வருகிறார்.

இந்தப் படிகள் எமக்குப் புதியவை அல்ல. இலங்கையில் 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனமும் அதற்குக் கைகொடுத்தது. அந்த ஏற்பாடு பின்னர் நாடெங்கும் பரவியதால்தான் எமது ஊர்களிலும் குடும்பநல மாது சைக்கிளில் வீடு வீடாக வந்தார். பிள்ளைத்தாச்சிப் பெண்ணின் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார், குழந்தையை நிறுத்து அட்டையில் கோடு போட்டார், ஊசி போடும் திகதியை நினைவூட்டினார். சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்கும் கக்கூசுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தார். அவர்கள் வருவதை அன்று நாம் பெரிதாக எடுத்ததில்லை. இன்று கணக்குப் பார்த்தால், எத்தனையோ தாய்மாரும் குழந்தைகளும் பிழைத்தது அந்தச் சைக்கிளால்தான்.

தடுப்பு வேலைக்கு ஒரு சங்கடம் உண்டு. அது சரியாக நடந்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காதபோது, இதற்கு ஏன் இவ்வளவு காசு என்று ஆட்சியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். மலேரியாவில் எமது நாடு இந்தப் பாடத்தைப் படித்தது. 1963 இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா கண்டது. நோய் ஒழிந்தது என்றெண்ணி மருந்தடிப்பைக் குறைத்தார்கள். 1960 களின் கடைசியில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் காய்ச்சல் பிடித்தது. மீண்டும் எழும்பி, போர்க்காலத்தையும் கடந்து, 2016 செப்டெம்பரில்தான் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஒரு கையெழுத்து தடுப்பை நிறுத்தவும் கூடும், தொடங்கவும் கூடும். சுகாதாரக் கொள்கை என்று நாம் தூரத்தில் வைத்துப் பேசும் விடயம் கடைசியில் ஒரு வீட்டின் காய்ச்சலாக வந்து நிற்கிறது.

தாதியிலிருந்து அடுத்த படிக்கு

நேர்ஸ் பிராக்டிஷனர் என்னும் தொழில் 1965 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. லொரெற்றா ஃபோர்ட் என்னும் பொதுச் சுகாதாரத் தாதியும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை வைத்தியரும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். வைத்தியர் கிடைக்காத இடங்களில் குழந்தைகளைப் பார்த்து, வளர்ச்சியைக் கவனித்து, வருத்தம் வருமுன் தடுக்கும் தாதியரைப் பயிற்றுவதே அவர்களது எண்ணம். ஃபோர்ட் அம்மையார் 2025 சனவரியில் தமது 104 ஆவது வயதில் காலமானார். எமது ஊர்க் குடும்பநல மாதைப் போலவே அவரும் வீடுகளுக்குப் போய் வந்தவர் என்று படித்தபோது, இந்தத் தொழில் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

2017 இல் வார்ட்டை விட்டு மேற்படிப்புக்குப் போனேன். பகலில் வகுப்பு, வார இறுதியில் வேலை. இரண்டு பிள்ளைகளையும் மாமியார் பார்த்துக்கொண்டார். 2019 இல் முடித்து ஈஸ்ற் பே பகுதியில் ஒரு சிறிய கிளினிக்கில் சேர்ந்தேன்.

படிப்பைவிடக் கடினமாக இருந்தது அந்த முதல் வருடம். வார்ட்டில் நான் மூத்த தாதி. இளையவர்கள் என்னிடம் கேட்டுத்தான் செய்வார்கள். நடுச்சாமத்தில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் டொக்டருக்குப் போன் எடுத்து, இன்னது நடக்கிறது, இன்னது கொடுக்கலாமா என்று கேட்பேன். முடிவு அவருடையது. கிளினிக்கிலோ அந்தப் போன் என்னிடம்தான் வரும். மருந்துத் துண்டில் கையெழுத்து என்னுடையது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர். வீட்டுக்கு வந்து பிள்ளைகள் படுத்தபின் அன்று பார்த்த ஒவ்வொருவரையும் மனதில் திரும்பப் பார்ப்பேன். பழைய தோழிகள் விளையாட்டாக, "இனி நீ எங்கட ஆளில்லை" என்றார்கள். டொக்டர்மாரின் மேசையிலும் நான் புதியவள். எம்மவர் சிலரோ பரிசோதனை எல்லாம் முடிந்தபின், "நன்றி பிள்ளை, இனி டொக்டரை வரச்சொல்லுங்கோ" என்பார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த பற்றிஷியா பெனர் என்பவர் 1984 இல் ஒரு நூல் எழுதினார். தாதி ஒருவர் புதியவராகத் தொடங்கி ஐந்து நிலைகளைக் கடந்து தேர்ந்தவராவதை அது சொல்கிறது. தேர்ந்தவர் புதிய வேலைக்குப் போனால் மீண்டும் புதியவராகிவிடுவார் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. 1997 இல் பிரவுண், ஒல்ஷான்ஸ்கி என்னும் இரு ஆய்வாளர்கள் நேர்ஸ் பிராக்டிஷனர்களின் முதல் ஆண்டைப் பற்றியே எழுதினார்கள். அந்தரத்தில் நிற்பதில் தொடங்கி அங்கீகாரத்தில் முடியும் பயணம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பயணத்தை எமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லையே! ஊரில் ஆசிரியராக, கிளாக்கராக, கமக்காரராக மதிப்போடு இருந்துவிட்டு, இங்கே வந்து முதலாம் வகுப்புப் பிள்ளைபோல் நின்றவர்கள்தானே நாம் எல்லோரும். வழக்கு முடியும்வரை அங்கும் இல்லை, இங்கும் இல்லை. அந்த நாட்களை எப்படிக் கடந்தோமோ அப்படியே இதையும் கடந்தேன். தெரியாததைத் தெரியாது என்று கேட்டேன், கேட்டதை எழுதி வைத்தேன், அடுத்த நாளும் போனேன். என்னோடு பொறுமையாக நின்ற ஒரு மூத்த டொக்டருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

சட்டம் எங்கே வருகிறது

நான் படித்து முடித்த காலத்தில் கலிபோர்னியாவில் நேர்ஸ் பிராக்டிஷனர் ஒருவர் டொக்டரின் மேற்பார்வையில், முன்னரே எழுதிக் கையெழுத்திட்ட நடைமுறைகளின்படிதான் வேலை செய்யலாம். மருந்து எழுதும் விடயத்தில் ஒரு டொக்டர் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் மேற்பார்வை செய்யவும் முடியாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஏழைகளைப் பார்க்கும் கிளினிக் ஒன்றில் அந்த டொக்டர் ஓய்வுபெற்றுப் போனால் என்ன நடக்கும்? எனக்குத் தெரிந்த ஓரிடத்தில், வேறு டொக்டர் கிடைக்கும்வரை தாதிமார் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அந்தக் கிழமைகளில் இன்சுலின் முடிந்தவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள்.

2020 செப்டெம்பரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்ட ஏபி 890 என்னும் சட்டம் இதை மாற்றியது. மூன்று ஆண்டு முழுநேர வேலை, அல்லது 4600 மணி நேரம் நோயாளரைப் பார்த்து அனுபவம் பெற்றவர்கள், டொக்டரும் பணியாற்றும் இடங்களில் எழுதிய நடைமுறைகள் இல்லாமல் தம் பொறுப்பில் வேலை செய்யலாம். 2023 சனவரியில் தொடங்கிய இதற்கு 103 பிரிவு என்று பெயர். அதில் மேலும் மூன்று ஆண்டு இருந்தவர்கள் 104 பிரிவுக்குப் போய்த் தனியாகவும் கிளினிக் நடத்தலாம். அதன்படி முதலாவது தொகுதியினருக்கு 2026 இல் வழி திறந்தது.

கலிபோர்னிய வைத்தியர் சங்கம் இந்தச் சட்டத்தை எதிர்த்தது. டொக்டரின் படிப்பு நீண்டது, எமது படிப்பு அந்த அளவுக்கு இல்லை என்பது அவர்களின் வாதத்தின் சாரம். அதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு விளங்காத வருத்தத்தை நான் டொக்டரிடம் அனுப்புவேன், சட்டமும் அதைத்தான் கேட்கிறது. ஆனால் சீனி பார்ப்பதற்கும், பிரஷர் மருந்தைக் கூட்டிக் குறைப்பதற்கும், ஒரு அம்மாவின் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கும் மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டியதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் நாம் இருக்கிறோம்.

எமது உடம்பு

எம்மவரிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. மெலிந்தவருக்குச் சீனி வராது என்பது. இது எமக்குப் பொருந்தாது. தெற்காசிய உடம்பில் கொழுப்பு வயிற்றுக்குள் சேரும். கையும் காலும் மெலிந்திருந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். பி.எம்.ஐ என்னும் எடைக் கணக்கில் 25 க்கு மேல் போனால்தான் எடை கூட என்பது பொதுவான அளவு. ஆசிய வழியினருக்கு 23 இலேயே சீனி பார்க்கத் தொடங்கவேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015 இல் அறிவுறுத்தியது. ஃப்ரீமான்டிலிருந்து வளைகுடாவைக் கடந்தால் வரும் மவுண்டன் வியூவில், எல் கமீனோ வைத்தியசாலை 2006 இல் தெற்காசியருக்கென்றே ஓர் இருதய நிலையத்தைத் தொடங்கியதும் இந்தக் காரணத்தால்தான்.

மற்றொரு நம்பிக்கை, "அப்பாவுக்கும் இருந்தது, எனக்கும் வரும், விதி" என்பது. இதற்குப் பதில் சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. டொக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், சீனி வருத்தத்தின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டளவு கவனித்து 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான புத்திமதியோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, நாளும் அரைமணி நேரம் நடக்க வைத்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. அமெரிக்காவில் 2002 இல் வெளிவந்த பெரிய ஆய்விலோ, எடையைக் குறைத்து வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தவர்களிடம் நோய் வருவது 58 வீதம் குறைந்தது. எல்லோரையும் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. ஆனால் நூறு பேரில் பதினாறு பேர் தப்புவது சிறிய விடயமா? எமது கலியாண வீட்டில் ஒரு பந்தியில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள்.

புட்டையும் இடியப்பத்தையும் விடச் சொல்லி நான் எவரையும் கேட்பதில்லை. கேட்டாலும் விடமாட்டார்கள். நாலு இடியப்பத்தோடு நிறுத்தி, கறியையும் சுண்டலையும் கூட்டச் சொல்கிறேன். வெள்ளைப் புட்டுக்குப் பதில் ஊரில் அம்மம்மா அவித்த குரக்கன் புட்டை அளவாகச் சாப்பிடச் சொல்கிறேன். தேத்தண்ணிக்குச் சீனியை ஒரு கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்குப் பழகிவிடும். சாப்பிட்டவுடன் ரிவிக்கு முன்னால் இருக்காமல் எலிசபெத் ஏரியைச் சுற்றி ஒருமுறை நடவுங்கள்.

சொக்ஸைக் கழற்றுங்கோ அம்மா

என் அறைக்கு வரும் சீனி வருத்தக்காரர் எல்லோரும் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றவேண்டும். எமது பெரியவர்களுக்கு இது பெரிய சங்கடம். "ஐயோ பிள்ளை, காலைத் தொடாதேங்கோ" என்று இழுத்துக்கொள்வார்கள். அப்படித்தான் ஒரு அம்மா வந்தார். பன்னிரண்டு வயதுப் பேரன் மொழிபெயர்க்க வந்திருந்தான். முன்பு போன இடங்களிலும் அவன்தான் மொழிபெயர்த்தானாம். கால் எரிகிறது என்று அம்மா சொன்னதை அவன் "கால் சூடு" என்று மாற்றிச் சொன்னதாக என்னிடம் காட்டினான். சிறுநீர் விடயம் எதையும் அம்மா பேரன் வாயால் சொல்ல விரும்பவில்லை. யார்தான் விரும்புவார்?

பேரனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தமிழில் கதைத்தேன். இரண்டு வருடமாக மருந்தைப் பாதிப் பாதியாகக் குடிக்கிறார் என்பது அப்போதுதான் வெளிவந்தது. காசை மிச்சம் பிடிக்கவாம். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலோன் இழையால் பாதத்தில் தொட்டுக்கொண்டே வந்தேன். மூன்று இடங்களில் அவருக்குத் தெரியவில்லை. புண் ஒன்றும் இல்லை. அந்த அண்ணைக்குக் கல் குத்தியபோது இருந்த கால்தான் இது, கல் மட்டும் இன்னும் வரவில்லை. மருந்தை ஒழுங்குபடுத்தினோம், சரியான சப்பாத்துக்கு எழுதிக் கொடுத்தேன், இரவில் படுக்குமுன் கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்க்கச் சொன்னேன். நாலு வருடமாகிறது, இரண்டு காலும் அவரோடுதான் இருக்கின்றன.

எல்லாக் கிளினிக்கிலும் தமிழ் பேசும் தாதி இருக்கமாட்டார். ஆனால் மத்திய அரசின் நிதி பெறும் இடங்களில் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை. 1964 ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டமும் 2010 ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டமும் அதற்குத் துணை. அவசர வேளை தவிரப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. போனிலாவது தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தருவார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். 1847 இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் எமது பெடியன்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த நாட்டில் இருந்துகொண்டு, எங்கள் வருத்தத்தை எங்கள் மொழியில் சொல்ல நாம் ஏன் வெட்கப்படவேண்டும்?

இப்போது செய்யவேண்டியவை

2010 ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டத்தின்படி பெரும்பாலான இன்சூரன்ஸ் திட்டங்கள் வயதுக்குரிய தடுப்புப் பரிசோதனைகளையும் தடுப்பூசிகளையும் கைக்காசு வாங்காமல் செய்யவேண்டும். இதை அறியாமல் "காசு பிடிப்பார்கள்" என்று போகாமலிருப்பவர்கள் எம்மிடையே பலர்.

இன்னொன்றை அகதியாக வந்தவர்கள் கட்டாயம் அறியவேண்டும். 2025 யூலை 4 ஆம் திகதி கையெழுத்தான மத்திய அரசின் சட்டம், அகதி நிலையும் தஞ்சமும் பெற்று இன்னும் பச்சை அட்டை எடுக்காதவர்களில் பெரும்பாலோரை, 2026 ஒக்டோபர் 1 முதல் மத்திய அரசின் மெடிக்கெயிட் உதவிக்குரியோர் பட்டியலிலிருந்து நீக்குகிறது. கலிபோர்னியாவில் மெடிக்கெயிட்டைத்தான் மெடிக்கல் என்கிறோம். அகதி நிலையோ தஞ்சமோ கிடைத்து ஒரு வருடம் ஆனவர்கள் பச்சை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். "பிறகு பார்ப்பம்" என்று தள்ளிப் போட்டவர்கள் இன்றே நம்பகமான சட்டத்தரணியிடம் போங்கள். மாநில விதிகளைக் கவுண்டி அலுவலகத்தில் கேளுங்கள். கலியாண வீட்டில் யாரோ சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சீனி வருத்தக்காரருக்கு அந்த அட்டையும் ஒரு மருந்துதான்.

முப்பத்தைந்து வயது தாண்டிய ஒவ்வொருவரும் சீனி பாருங்கள். குடும்பத்தில் இருந்தால் அதற்கு முன்னரே பாருங்கள். ஏ1சி என்னும் பரிசோதனையில் 5.7 க்குக் கீழே நல்லது. 5.7 முதல் 6.4 வரை வாசலில் நிற்கிறீர்கள், திரும்பிப் போக இன்னும் வழி உண்டு. 6.5 ஐத் தொட்டால் நோய் என்று கொண்டு, மறுபடியும் பார்த்து உறுதிப்படுத்துவார்கள். நோய் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது கண், சிறுநீர், கால் மூன்றையும் பார்ப்பிக்கவேண்டும். வைத்தியர் காலைப் பார்க்க மறந்தால் நீங்களே சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருங்கள்.

எமது பெடியன் பெட்டையளுக்கும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் படிப்பு நல்லதுதான், ஃப்ரீமான்டில் அதற்குக் குறைவில்லை. ஆனால் தாதியர் படிப்பையும் யோசியுங்கள். ஓர் ஊரில் தமிழ் பேசும் ஒரு தாதி இருந்தால், பல வீடுகளின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு மொழிபெயர்க்கப் போகத் தேவையில்லை.

போர் எங்களிடமிருந்து எடுத்தது போதும். மிஞ்சிய உடம்பையாவது பத்திரமாக வைத்திருப்போம். இந்த இதழை மூடி வைத்ததும், வீட்டிலுள்ள பெரியவரின் சொக்ஸைக் கழற்றி, வெளிச்சத்தில் ஒருமுறை உள்ளங்காலைப் பாருங்கள். விரல் இடுக்குகளையும் பாருங்கள். ஐந்து நிமிடம்கூடப் பிடிக்காது.